தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆகும்!



"இன்னைக்கு மூட் இல்லடா, நாளைக்குக் காலையில ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்." இந்த வசனத்தைச் சொல்லாத ஆள் நம்ம ஹாஸ்டலில் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. நான் தூக்க மாட்டேன். ஒண்ணரை வருஷம் இதையே சொல்லிச் சொல்லி ஓட்டினவன் நான். மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு என் பேருக்கு நேரா மூணு அரியர் இருந்தது. ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிற அப்பா, ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "ரிசல்ட்டு வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டார். "இன்னும் வரலைப்பா" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிட்டு மொட்டை மாடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பொய்யிலிருந்து நான் எப்படி வெளியே வந்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரிய சாதனைக் கதை எல்லாம் கிடையாது. தினமும் உட்கார்ந்து வேலை செய்வதற்கான உந்துதல் எங்கேயிருந்து வருது, அது ஏன் பாதியிலேயே காணாமல் போகுது, அதை எப்படித் தக்க வெச்சுக்கிறது என்று நான் தேடிப் படிச்சதையும் செஞ்சு பார்த்ததையும் சொல்றேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கோங்க.

1. வீடியோ கொடுக்கிற வேகம்

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். எனக்கு மோட்டிவேஷன் பஞ்சமே இருந்ததில்லை. ராத்திரி 11 மணிக்கு இயர்போன் மாட்டி ஊக்கப் பேச்சு வீடியோ பார்ப்பேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும். உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஒரு மணிக்கு எழுந்து நாலு கலர் பேனாவில் டைம்டேபிள் போடுவேன். காலை 5 மணிக்கு எழுவது, 5.15க்கு எம் 3, 6.30க்கு உடற்பயிற்சி... காலையில் கண் முழிக்கும்போது மணி 7.40. மெஸ்ஸில் இட்லி தீர்ந்து போயிருக்கும். டைம்டேபிள் சுவரில் சிரிச்சுக்கிட்டு இருக்கும்.

அந்தப் பேச்சாளர்களைக் குறை சொல்லலை. வீடியோ பார்க்கும்போது வருகிற உணர்ச்சி உண்மையானதுதான். ஆனா அது படிச்சதால் வந்த உணர்ச்சி இல்லை, பார்த்ததால் வந்தது. அதனால பார்ப்பது நின்னதும் அதுவும் நின்னுடும். அடுத்த நாள் திரும்பவும் பார்க்கத்தான் தோணும், படிக்கத் தோணாது. டைம்டேபிளும் அப்படித்தான். கலர் கலரா போட்டு முடிச்சதும், பாதிப் பாடத்தை முடிச்ச மாதிரி ஒரு திருப்தி வந்துடும். அந்தத் திருப்தியோடு தூங்கிடுவோம்.

2. பஸ் தள்ளின கதை

நாலாவது செமஸ்டரில் ஒரு இன்டஸ்ட்ரியல் விசிட் போனோம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் கிளம்பும்போது பஸ் ஸ்டார்ட் ஆகலை. டிரைவர் அண்ணன் இரண்டு மூணு தடவை சாவியைத் திருகிப் பார்த்துட்டு, "பேட்டரி படுத்துருச்சு தம்பிகளா, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்றார். எங்க பசங்களில் ஒருத்தன், "அண்ணா, பேட்டரிய சார்ஜ் பண்ணிட்டுக் கிளம்பலாமே" என்றான். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "வண்டி ஓடினாத்தான்டா தம்பி சார்ஜ் ஏறும்."

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். மத்தவங்களுக்காகச் சொல்றேன். சாவியை ஆன் பண்ணி, இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை மிதிச்சு வெச்சுக்கணும். வெளியே இருந்து தள்ளணும். வண்டி கொஞ்சம் வேகம் பிடிச்சதும் கிளட்ச்சை விடணும். அப்போ சக்கரம் கியர்பாக்ஸ் வழியா இன்ஜினைச் சுத்தும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்று சூடாகி, அந்தச் சூட்டிலேயே டீசல் பத்திக்கும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் அதோடு பெல்ட்டில் இணைந்த ஆல்டர்னேட்டர் சுத்தும். அதுதான் பேட்டரியை நிரப்பும்.

அன்னைக்கு நாங்க இருபது பேர் சேர்ந்து தள்ளினோம். முதல் இரண்டு அடிக்குத்தான் மூச்சு முட்டினது. நகர ஆரம்பிச்சதும் பாதிப் பேர் சிரிச்சுக்கிட்டே ஓடினாங்க. திரும்ப ஏறி உட்கார்ந்தபோது அண்ணன் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கிட்டே இருந்தது. என் கணக்கு முழுக்கத் தலைகீழா இருந்திருக்கு! உந்துதல் நிரம்பினால் படிப்பேன் என்று காத்திருந்தேன். அது பேட்டரி மாதிரி, ஓடினால்தான் நிரம்பும்.

ஃபிசிக்ஸிலும் இதைப் படிச்சிருக்கோம். நின்னுக்கிட்டு இருக்கும் பொருளை நகர்த்த ஆரம்பிக்கத் தேவையான விசை, நகர்ந்த பிறகு நகர்த்திக்கிட்டே இருக்கத் தேவையான விசையை விட அதிகம். பாடப் புத்தக அட்டவணையில் எஃகு மேல் எஃகுக்கு நிலை உராய்வுக் குணகம் 0.74, இயக்க உராய்வுக் குணகம் 0.57 என்று போட்டிருப்பாங்க. (பஸ் உருளுது, இந்த எண்கள் அதுக்கு அப்படியே பொருந்தாது. கருத்தை மட்டும் எடுத்துக்கோங்க, புரொபசர்கள் மன்னிக்கவும்!) புத்தகத்தைத் திறக்கிற அந்த முதல் நிமிஷம்தான் நமக்கு நிலை உராய்வு. அதைத் தாண்ட ரொம்ப நேரம் தேவையில்லை.

அன்னைக்கு ராத்திரி நான் எனக்கு வெச்ச விதி: எம் 3 புத்தகத்தைத் திறந்து 10 நிமிஷம் ஒரு கணக்கு. பத்து நிமிஷம் முடிஞ்சதும் மூடிடலாம், குற்ற உணர்ச்சி கூடாது. சில நாள் நிஜமாவே மூடினேன். பல நாள் பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமா மாறியது.

இதை நீங்களும் செஞ்சு பாருங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. பத்து நிமிஷம் என்று சொல்லிட்டு மனசுக்குள் மூணு மணி நேரம் எதிர்பார்க்காதீங்க. மனசு அந்த ஏமாத்து வேலையைக் கண்டுபிடிச்சுடும், அடுத்த நாள் பத்து நிமிஷத்துக்குக்கூட உட்காராது.

3. எப்போ, எங்கே?

"நாளையிலேருந்து படிக்கிறேன்" என்பதில் ஒரு ஓட்டை இருக்கு. எப்போ, எங்கே என்று அதில் இல்லை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய சக ஆய்வாளரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதிச்சாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலையை எப்படிக் கழிச்சீங்க என்று, அடுத்த இரண்டு நாளுக்குள் ஒரு அறிக்கை எழுதி அனுப்பணும் என்று மாணவர்களிடம் கேட்டாங்க. ஒரு பாதியினரிடம் மட்டும், அதை எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போறீங்க என்பதையும் முன்கூட்டியே குறிக்கச் சொன்னாங்க. பண்டிகை நேரத்தில் அப்படி இடமும் நேரமும் குறிச்சவங்களில் ஏறக்குறைய நாலில் மூணு பேர் அனுப்பிட்டாங்க. குறிக்காதவங்களில் ஏறக்குறைய மூணில் ஒருத்தர்தான் அனுப்பினார்.

காரணம் எளிமையானது. இடமும் நேரமும் முடிவாயிட்டா, அந்த நேரத்தில் "இப்போ படிக்கவா வேண்டாமா?" என்று மனசோடு பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. அந்தப் பட்டிமன்றத்தில் நம்ம பக்கம் ஜெயிச்சதே இல்லையே!

என் வரி இதுதான்: "மெஸ்ஸில் ராத்திரி சாப்பாடு முடிஞ்சு தட்டைக் கழுவி வெச்சதும், ரூமுக்குப் போகாமல் நேரா ரீடிங் ரூம்." ரூமுக்குப் போனால் கட்டில் இருக்கும், கட்டிலில் போன் இருக்கும். அதனால் சாப்பிடப் போகும்போதே நோட்டையும் கால்குலேட்டரையும் கையோடு எடுத்துட்டுப் போனேன். பசங்க முதல் வாரம் கிண்டல் பண்ணினாங்க. இரண்டாவது வாரம் மறந்துட்டாங்க.

டே ஸ்காலரா இருந்தால் உங்க வரி வேற மாதிரி இருக்கும். "பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைச்சாலும் கிடைக்காட்டியும், டோல்கேட் தாண்டினதும் இரண்டு மார்க் கேள்வி ஐந்து." இந்த மாதிரி தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுங்க.

4. பேட்டரியில் சார்ஜ் ஏத்துவது எது?

தள்ளிட்டோம், ஓடுது. நிக்காமல் ஓடணுமே? இதுக்கு எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஒரு சோதனை ரொம்ப சுவாரசியமானது. சோமா கியூப் என்று ஒரு புதிர். ஏழு துண்டுகளைச் சேர்த்துப் பல வடிவங்கள் செய்யலாம். கல்லூரி மாணவர்கள் மூணு தனித்தனி நாளில் வந்து புதிர் போட்டாங்க. இரண்டாவது நாள் ஒரு குழுவுக்கு மட்டும், முடிக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டாலர் கொடுத்தாங்க. மூணாவது நாள் காசு கிடையாது. நடுவில் ஆய்வாளர் சில நிமிஷம் வெளியே போயிடுவார். அந்த நேரத்தில் யார் தானா விரும்பிப் புதிர் போடுறாங்க என்பதுதான் கணக்கு. காசு வாங்கிய குழு, காசு நின்ன பிறகு, முதல் நாள் போட்ட அளவுக்குக்கூடப் போடலை.

விளையாட்டா இருந்தது வேலையா மாறிடுச்சு, அவ்வளவுதான். "ஒரு யூனிட் முடிச்சா ஒரு படம்" என்று நமக்கு நாமே லஞ்சம் கொடுத்துக்கிறது ஏன் ரொம்ப நாள் ஓடுறதில்லை என்று இப்போ புரியுதா?

பிறகு டெசியும் ரிச்சர்ட் ரயான் என்பவரும் சேர்ந்து, உள்ளிருந்து வரும் உந்துதலுக்கு மனுஷனுக்கு மூணு விஷயம் வேணும் என்று ஒரு கோட்பாட்டை வளர்த்தாங்க. நம்ம வார்த்தையில் சொல்றேன்.

முதலாவது, "இது என் முடிவு" என்ற உணர்வு. இங்கேதான் எனக்குப் பெரிய அடி. நான் கேட்ட பிராஞ்ச் வேற, கவுன்சலிங்கில் என் கட்-ஆஃபுக்குக் கிடைச்சது வேற. இதைப் படிக்கும் பல பேருக்கும் இதே கதை இருக்கும். சிலபஸை நம்மால் மாத்த முடியாது. ஆனா எந்த யூனிட்டை முதலில் எடுக்கிறது, எந்தப் புத்தகத்தில் படிக்கிறது, யாரோடு உட்கார்றது என்பதெல்லாம் நம்ம கையில்தான் இருக்கு. நான் யூனிட் 1ஐ விட்டுட்டு, எனக்குப் பிடிச்ச யூனிட்டில் ஆரம்பிச்சேன். சின்ன விஷயம்தான். ஆனா முதல் தடவையா அந்தப் பேப்பர் என்னுடையதா தெரிஞ்சது.

இரண்டாவது, "என்னால் முடியுது" என்ற உணர்வு. கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ஓப்பன் லூப், குளோஸ்டு லூப் படிக்கிறோம் இல்லையா? செமஸ்டர் பூரா படிச்சுட்டு ரிசல்ட்டில் மட்டும் தெரிஞ்சுக்கிறது ஓப்பன் லூப். ஃபீட்பேக் வருவதற்குள் எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு கணக்கையும் புத்தகத்தை மூடி வெச்சுப் போட்டு, உடனே விடையைச் சரிபார்க்கிறது குளோஸ்டு லூப். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில், பார்க்காமல் சரியாப் போட்ட ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோடு போட்டேன். ஒரு மாசத்தில் 61 கோடு. எந்த வீடியோவும் அந்தப் பக்கம் கொடுத்த தெம்பைக் கொடுக்கலை. ஆரம்பத்தில் ரொம்பக் கஷ்டமான கேள்வியை எடுக்காதீங்க. கொஞ்சம் முயற்சி பண்ணினால் எட்டும் உயரத்தில் இருக்கணும்.

மூணாவது, "கூட ஆள் இருக்கு" என்ற உணர்வு. அரியர் வெச்சவன் செய்யும் பெரிய தப்பு ஒளிஞ்சுக்கிறது. நானும் கிளாஸ் டாப்பர் பக்கமே போகாமல் சுத்தினேன். கடைசியில் எனக்கு உதவினது என் ரூம்மேட். அவனுக்கும் எம் 3 அரியர். ரீடிங் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒரு நாள் அவனுக்கு ஃபூரியர் சீரிஸ் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சு பாதியில் நின்னுட்டேன். எனக்கே அது புரியலை என்று அப்போதான் புரிஞ்சது. இரண்டு பேரும் சேர்ந்து போய் கணக்கு மேடமிடம் கேட்டோம். திட்டுவாங்க என்று நினைச்சோம். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க.

5. விட்டுப் போச்சே!

பதினெட்டு நாள் ஒழுங்காப் போச்சு. அப்புறம் காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்ந்து ஐந்து நாள் விட்டுப் போச்சு. பழைய ஆளா இருந்தால் "சரி, எல்லாம் போச்சு, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து புதுசா ஆரம்பிப்போம்" என்றிருப்பேன்.

21 நாள் செஞ்சா எதுவும் பழக்கமாயிடும் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. 1960இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்திலிருந்து பரவின கருத்து அது. முகத்தில் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டவங்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகுது என்று அவர் கவனிச்சார். அது காலப்போக்கில் எல்லாப் பழக்கத்துக்குமான சட்டமா மாறிடுச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனிச்சு 2009இல் வெளியிட்ட ஆய்வு வேற சொல்லுது. மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஓடுவது மாதிரி ஒரு காரியத்தை ஒவ்வொருத்தரும் எடுத்துக்கிட்டாங்க. அது யோசிக்காமல் தானா நடக்கிற பழக்கமா மாற, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடு அளவு 66 நாள். எனக்குப் பிடிச்ச முடிவு இன்னொண்ணு: ஏதாவது ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் உருவாகிறது குறிப்பிடும்படி கெடலை.

இதையெல்லாம் நான் பின்னாடிதான் படிச்சேன். அந்த ஐந்து நாள் விட்டுப் போன சமயத்தில் எனக்கு இதைச் சொன்னது அப்பா. திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, மனசு தாங்காமல் அரியர் விஷயத்தைச் சொல்லிட்டேன். ஒண்ணரை மாசமா ஆரம்பிக்கிறதும் விடுறதுமா இருக்கேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எழுந்து போயிடுவார் என்று நினைச்சேன். "ஏங்கண்ணு, தறியில ஒரு நாளைக்கு எத்தனை இழை அறுகும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அறுந்தா நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுவோம். ஒரு இழை அறுந்துச்சுன்னு பாவையே அறுத்து வீசுவாங்களா?"

மறுநாள் ராத்திரி மெஸ் முடிஞ்சு நேரா ரீடிங் ரூமுக்குப் போனேன். விட்ட ஐந்து நாளையும் சேர்த்துப் படிக்க முயற்சி பண்ணலை. பத்து நிமிஷம், ஒரு கணக்கு. முடிச்சுப் போட்டாச்சு.

6. தள்ளியும் நகரலைன்னா

ஒரு முக்கியமான விஷயம். இருபது பேர் தள்ளியும் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, இன்னும் பலமாத் தள்ளுங்க என்று யாரும் சொல்ல மாட்டாங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்க.

இரண்டு வாரத்துக்கு மேல எதிலும் ஆர்வமே இல்லை, முன்னாடி பிடிச்ச கிரிக்கெட்கூடப் பிடிக்கலை, தூக்கமும் பசியும் மாறிப் போச்சு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றே தோணுது என்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைச்சு உங்களையே திட்டிக்காதீங்க. அது மன அழுத்த நோயா இருக்கலாம்; வைத்தியம் இருக்கு. டாக்டரையோ காலேஜ் கவுன்சலரையோ பாருங்க. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நாளை வரை தள்ளிப் போடாதீங்க, அந்த நிமிஷமே கூப்பிடுங்க, பக்கத்தில் இருக்கும் ஒருத்தரிடம் சொல்லுங்க. உங்க ரூம்மேட் அப்படி இருக்கான் என்று தெரிஞ்சா நீங்க அவனோடு இருங்க.

இந்த வாரத்துக்கான வேலை

படிச்சு முடிச்சதும் இதுவும் ஒரு மோட்டிவேஷன் வீடியோ மாதிரி ஆகிடக் கூடாது. அதனால் ஒரு பேப்பர் எடுத்து நாலு வரி எழுதுங்க.

ஒண்ணு: ரொம்ப நாளா தள்ளிப் போடும் ஒரே ஒரு வேலை. (ஒண்ணுதான்! லிஸ்ட் வேண்டாம்.)

இரண்டு: அதில் 10 நிமிஷத்தில் செய்யக்கூடிய முதல் துண்டு.

மூணு: "_____ முடிஞ்சதும், _____இல் உட்கார்ந்து ஆரம்பிப்பேன்."

நாலு: இதை யாரிடம் சொல்லப் போறீங்க?

ஏழு நாள் செய்யுங்க. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. விட்டுப் போன நாளுக்கு ஒண்ணும் போட வேண்டாம், அடுத்த நாள் தொடருங்க.

என் கதை எப்படி முடிஞ்சது என்று கேட்பீங்க. அடுத்த தேர்வில் மூணில் இரண்டு கிளியர் ஆச்சு. எம் 3 மட்டும் நாலு மார்க்கில் போச்சு. அதுக்கு அடுத்த தடவைதான் வந்தது. அந்த நாலு மார்க் செய்தியை அப்பாவுக்கு ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷத்தில் நானே போன் பண்ணிச் சொன்னேன். "சரி கண்ணு, சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டுட்டு, தட்டைக் கழுவி வெச்சுட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு ரீடிங் ரூமுக்குப் போனேன்.

அங்கே இன்னும் நிறைய நாற்காலி காலியா இருக்கு. வாங்க.